பதிவேட்டில் வெற்றுக் கட்டங்கள்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது அறிஞர் மரபு. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கைக்கு அத்தகைய சான்றுகள் கிடையா. காட்டைத் திருத்தி இரப்பர் நட்டவர்கள் தம் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கும் நிலையில் இருந்தவர்களல்லர். அவர்களைப் பற்றிய செய்திகள் செக்ரோல் புத்தகத்திலும், தோட்ட மருத்துவமனை ஏட்டிலும், பால் எடைக் கணக்கிலும் சிதறிக் கிடந்தன. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னோர் ஏடும் உண்டு. அதுவே வானிலைக் கணக்கு. மழை எத்தனை அங்குலம், வெப்பம் எத்தனை பாகை என்று நாள்தோறும் குறித்து வந்த ஏட்டை வரலாற்றுச் சான்றாகக் கருதியோர் மிகச் சிலரே. உலகம் வெப்பமடைந்து வருகின்றது, அஃது எங்கே எவ்வளவு என்னும் வினா எழுந்த பின்னர்தான் பழைய ஏடுகளின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மதிப்பு வந்தது. மதிப்பு வந்த வேளையிலேயே, அவற்றில் எத்தனை கட்டங்கள் வெறுமையாக உள்ளன என்பதும் வெளிப்பட்டது.

கோல சிலாங்கூர் மாவட்டத்தை எடுத்துக் கொள்ளலாம். மெலாவாத்திக் குன்றின் மேல் 1907 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று பார்த்தால், மேற்கே சேற்றுக் கடற்கரையும் அலையாத்திக் காடும். கிழக்கே ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்ட நிலம் விரிந்து செல்லும். வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரையில் சதுப்பு நிலமும் நெல்வயலும். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயர் 2007 ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. அதனையடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 ஆம் ஆண்டில் ஹென்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றிய புதினம் ஒன்றை எழுதி 1930 ஆம் ஆண்டின் கொங்கூர் பரிசை வென்றவரும் அவரே. செம்பனை முதலில் வேரூன்றிய தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர், வாய்த்தது வேடிக்கைதான்.

இத்தோட்டங்களில் மழை அளக்கப்பட்டது; வெப்பம் பெரும்பாலும் அளக்கப்படவில்லை. காரணம் எளிது. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டின் வழியே ஓடாமல் மரத்தின் மேல் பரவி வழிந்து வீணாகும். ஆகவே அன்று பால்வெட்டு இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்ற தொழிலாளி வானத்தைப் பார்த்தவாறே லயத்துக்குத் திரும்புவான். மழை என்பது துரைக்கு விளைச்சல் இழப்பு. தொழிலாளிக்குக் கூலி இழப்பு. இந்த இரண்டு இழப்புகளுக்கும் கணக்கு வேண்டியிருந்ததால்தான் அலுவலகத்தின் முன் புல்தரையில் மழைமானி ஊன்றப்பட்டது. காலைதோறும் கிராணி அதனை அளந்து ஏட்டில் குறித்தார். வெப்பம் அரைப் பாகை கூடினாலும் குறைந்தாலும் எவருடைய கூலியும் மாறவில்லை. மனிதர் எதற்குப் பணம் கொடுத்தார்களோ அதனை அளந்தார்கள். ஏனையவற்றை வானத்திடமே விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக, வட சிலாங்கூருக்கு மழைக் கணக்கு நெருக்கமாகவும், வெப்பக் கணக்கு மிக அரிதாகவும் அமைந்தன.

வெப்பத்தை அளந்தவர்கள் வேறு துறையினர். இவ்வட்டாரத்தில் முறையான அளவீட்டின் தொடக்கம் சென்னையோடு தொடர்புடையது. சென்னையில் வில்லியம் பெட்ரி 1786 ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வுக்கூடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அங்கே கோல்டிங்காம் என்பவர் 1796 ஆம் ஆண்டு முதல் வானிலைக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதினார். அதே கம்பெனியின் சார்பில், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் என்னும் அதிகாரி 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் காந்தவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தி, காந்த அளவுகளோடு வெப்பத்தையும் குறித்து வைத்தார். பின்னர் 1869 ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் மழைக் கணக்கு தொடர்ச்சியாகக் கிடைக்கின்றது.

நீரிணைக் குடியேற்றங்களிலும் பின்னர் மலாய் மாநிலங்களிலும் இப்பணி பெரும்பாலும் மருத்துவத் துறையின் தலையிலேயே விழுந்தது. காய்ச்சல் காற்றின் வெம்மையாலும் ஈரத்தாலும் வருகின்றது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. கிள்ளானில் 1901 ஆம் ஆண்டில் பணியேற்ற மால்கம் வாட்சன், கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று செயலில் காட்டிய பின்னரும், மருத்துவமனை முற்றத்து வெப்பமானி அகற்றப்படவில்லை. 1920களின் இறுதியில் மலாயாவுக்கெனத் தனி வானிலைத் துறை உருவானது. அதன்பின் விமான நிலையங்கள் முதன்மை பெற்றன. நோயாளிக்காக அளக்கப்பட்ட வெப்பம் விமானத்துக்காக அளக்கப்படலாயிற்று. இடம் மாறியது, கருவி மாறியது, குறித்த கையும் மாறியது.

அந்தக் கைகளைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். தோட்டக் கிராணிகளிலும் மருத்துவமனை டிரெசர்களிலும் கணிசமானோர் தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தோர். அச்சேறிய ஆண்டறிக்கைகளில் மாவட்ட அதிகாரியின் பெயர் உண்டு, மருத்துவ அதிகாரியின் பெயர் உண்டு. விடியற்காலையில் குனிந்து வெப்பமானியைப் படித்தவரின் பெயர் இல்லை. எண் மட்டும் நின்றது.

பதிவேட்டில் கட்டங்கள் வெறுமையாவதற்குக் காரணங்கள் பல. படிப்பவர் காய்ச்சலில் படுத்திருப்பார். வெப்பமானி உடைந்து, மாற்றுக் கருவி வர மாதங்களாகும். விடுமுறை நாளில் எவரும் அளவெடுக்க மாட்டார். மழைமானியில் அன்று தேங்கிய நீர் மறுநாள் கணக்கில் சேர்ந்துவிடும். ஞாயிறு வறண்டும் திங்கள் நனைந்தும் இருப்பதாக ஏடு காட்டினால், அது வானத்தின் இயல்பன்று, அலுவலகத்தின் இயல்பு. இவை சிறு துளைகள். நிலையத்தையே இடம் மாற்றுவது அடுத்த வகை. எண்கள் தொடர்ந்து வரும். ஆனால் அவை இரு வேறு இடங்களின் எண்கள். கூர்ந்து நோக்கினால் இதுவும் ஓர் இடைவெளியே, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி.

மூன்றாவது வகை போர். 1942 ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் சப்பானியப் படை கரையோரமாகவும் கடல்வழியாகவும் கோல சிலாங்கூரை நெருங்கியது. சனவரி 11 இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சிங்கப்பூரின் வெப்பக் கணக்கு 1929 இல் தொடங்குகின்றது. 1942 முதல் 1947 வரை ஆறு ஆண்டுகளுக்கு எண்ணே இல்லை. ஆக்கிரமிப்புப் படையினர் வானிலையைக் கவனிக்காமல் இருந்தார்கள் என்பதன்று. போருக்கு வானிலை இன்றியமையாதது. அதனாலேயே அஃது இரகசியமாயிற்று. சப்பானில் 1941 டிசம்பர் 8 ஆம் நாளிலிருந்து 1945 ஆகஸ்டு வரை பொதுமக்களுக்கான வானிலை அறிவிப்பே நிறுத்தப்பட்டிருந்தது. சரணடைந்த வேளையில் அப்படையினர் எரித்த தாள்கள் ஏராளம்.

தோட்டங்களில் அவ்வாண்டுகளில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. இரப்பருக்குச் சந்தை இல்லை; துரைமார் சிறையில் அல்லது நாட்டுக்கு வெளியே; அரிசி இல்லை; மரவள்ளியே உணவு. 1942 முதல் 1943 அக்டோபர் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குச் சயாம்-பர்மா இரயில் பாதை போடப்பட்டபோது, மலாயாவிலிருந்து 75,000க்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பலர் சென்றனர். திரும்பாதோர் தொகை பல்லாயிரம். வானிலை ஏட்டில் வெற்றுக் கட்டங்கள் நிற்கும் அதே ஆண்டுகளில்தான் லயங்களிலும் வெற்று அறைகள் நின்றன. எனவே அந்த வெறுமையைக் கணக்காளரின் கவனக்குறைவுபோல் கருதுவது பொருந்தாது. அஃது ஒரு காலத்தின் கையொப்பம்.

இனி, வெற்றுக் கட்டத்தை நிரப்பும் முறைக்கு வருவோம். அடிப்படை மிக எளியது. ஆறாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கு. கடலோரத்தில் ஒரு நிலையம், உள்நாட்டில் 20 மைல் தொலைவில் மற்றொன்று எனக் கொள்க. இரண்டும் ஒருசேர இயங்கிய பத்து ஆண்டுகளின் மார்ச் மாதங்களை எடுத்து, நாளின் உச்ச வெப்பத்தின் மாதச் சராசரியை ஒப்பிட, கடலோரம் உள்நாட்டைவிட 1.5 பாகை செல்சியசு குறைவாக இருந்தது எனக் கொள்க. பதினோராம் ஆண்டின் மார்ச்சில் கடலோர ஏடு இல்லை; உள்நாட்டு நிலையமோ 33.5 பாகை காட்டுகின்றது. கழித்தால் 32.0. அதனைக் கட்டத்தில் இடலாம். மழைக்குக் கழித்தல் உதவாது. அங்கே விகிதம் கொண்டு பெருக்க வேண்டும். ஏனெனில் மழையில்லாத மாதத்தில் கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்; வானம் கடன் வாங்குவதில்லை.

இம்மட்டில் கணக்கு முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இங்கேதான் தொடங்குகின்றது. அந்தப் பத்து மார்ச் மாதங்களிலும் வேறுபாடு சரியாக 1.5 ஆகவா இருந்தது? ஓர் ஆண்டில் 0.9, இன்னோர் ஆண்டில் 2.1 என்று அலைந்திருக்கும். அவ்வாறாயின் நிரப்பிய எண் 32.0 அன்று, 31.4க்கும் 32.6க்கும் இடையில் எங்கோ உள்ளது என்பதே நேர்மையான விடை. அளந்த எண்ணும் நிரப்பிய எண்ணும் ஒரே மையில் ஒரே வடிவில் எழுதப்பட்டால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவர் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பழைய அளவுகளின் நுண்மையும் இத்தகையதே. பாரன்ஹீட் கருவியில் முழுப் பாகையாகப் படித்துக் குறித்த 90 என்பது, 1972 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பிந்திய செல்சியசுப் பட்டியலில் 32.2 ஆகி, பத்தில் ஒரு பாகை வரை துல்லியமாக அளக்கப்பட்டதுபோல் தோற்றம் தரும். மூலத்திலோ ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் இடைவெளி.

அண்டை நிலையம் இல்லாவிடில் பலர் கையாளும் குறுக்குவழி, அம்மாதத்தின் நெடுநாள் சராசரியை அப்படியே இட்டு விடுவது. வெப்ப மண்டலத்தில் இஃது எவருக்கும் ஐயம் தராது. மலேசியாவில் ஆண்டின் குளிர்ந்த மாதத்துக்கும் வெம்மையான மாதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 பாகையே. ஒரு நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையே கடலோரத்தில் 5 முதல் 10 பாகை வரையும், உள்நாட்டில் 8 முதல் 12 பாகை வரையும் வேறுபாடு உண்டு. ஆகவே சராசரியை இட்டால் எண் இயல்பாகவே தோன்றும். தோன்றுவதுதான் ஆபத்து. தேர்வன்று முப்பது மாணவருள் ஐவர் வரவில்லை. அவர்களுக்கு வகுப்புச் சராசரியையே மதிப்பெண்ணாக இட்டால் வகுப்பின் சராசரி மாறாது. ஆனால் அவ்வைவருள் முதல் மாணவனும் கடைசி மாணவனும் இருந்திருந்தால், அவ்விருவரும் ஏட்டிலிருந்தே மறைந்து போவர். ஐவரும் ஒரே வெள்ளத்தால் தடைப்பட்ட ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் நிலைமை இன்னும் மோசம். அத்தோட்டத்தின் கல்வி நிலையைப் பற்றி அந்த ஏடு பொய் சொல்லும்.

வானிலையிலும் அவ்வாறே. 1998 ஏப்ரல் 9 ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று. இந்நாட்டின் உச்ச அளவாக அது பட்டியலில் ஏறியது. பசிபிக் பெருங்கடல் வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் நம் நாடு வறண்டு காய்வதன் விளைவு அது. அந்த மாதத்தில் கருவி பழுதாகி, பிறகு எவரேனும் ஏப்ரல் சராசரியை இட்டிருந்தால், அத்தகைய கோடை நிகழவே இல்லை என்று ஏடு சாதித்திருக்கும். 1939 முதல் 1942 வரை வலிய எல் நினோ ஒன்று நீடித்தது என்பது இன்று ஆய்வாளர் அறிந்த செய்தி. மலாயாவின் போர்க்கால வெறுமை அதன் வால் பகுதியிலேயே தொடங்குகின்றது. அக்கட்டங்களைச் சராசரியால் நிரப்புவோர், அளக்கப்பட வேண்டிய ஒன்றையே அழிப்பவராவர்.

கடிகாரத்தின் கதை இதனினும் சுவையானது. காலை ஏழு மணிக்கு அளவெடுத்தார்கள் எனப் பழைய ஏடு ஒன்று கூறினால், எந்த ஏழு மணி என்று கேட்க வேண்டும். 1905 ஆம் ஆண்டு முதல் மலாயாவின் நேரம் கிரீனிச்சை விட ஏழு மணி நேரம் முந்தியிருந்தது. 1933 இல் இருபது நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் பத்து நிமிடம். 1942 இல் சப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணித்தனர்; ஒரே வீச்சில் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. 1945 இல் பழைய ஏழரை மணிக் கணக்கு திரும்பியது. 1982 ஜனவரி முதல் நாள் மேலும் அரைமணி கூட்டப்பட்டு எட்டு மணிக் கணக்கு நிலைபெற்றது. கடிகாரம் மாறலாம், கோல சிலாங்கூரில் ஞாயிறு எழும் கணம் கடிகாரத்தைக் கேட்டு மாறுவதில்லை. சராசரியாக நோக்கின், 1905 இன் கணக்கில் ஞாயிறு காலை 6.12க்கு எழுந்தது, இன்றைய கணக்கில் 7.12க்கு; தோக்கியோ நேரத்திலோ 8.12க்கு. ஆகவே 1920 இல் காலை ஏழு மணி என்பது விடிந்து முக்கால் மணி நேரம் கழிந்த இளவெயில். 1943 இல் அதே ஏழு மணி கும்மிருட்டு.

இதனால் விளைவது யாது? நாளின் மிகத் தாழ்ந்த வெப்பம் விடியலை ஒட்டியே நிகழும். சிறும வெப்பமானியில் உள்ள குறிமுள், கண்ட தாழ்ந்த அளவிலேயே நின்றுவிடும். படித்தவர் அதனை மீண்டும் சரிப்படுத்தி வைக்க வேண்டும். விடிந்து நன்கு வெயிலேறிய பின் படித்தால், அன்றைய குளிர் ஒருமுறை மட்டுமே கணக்கில் வரும். விடியுமுன் படித்துச் சரிப்படுத்தினால், கருவி அந்தக் குளிரிலிருந்தே புதிய நாளைத் தொடங்குகின்றது. மறுநாள் விடியல் சற்று வெதுவெதுப்பாக இருந்தாலும், குறிமுள் நேற்றைய குளிரையே மீண்டும் காட்டும். ஒரே குளிர் இருமுறை எண்ணப்படும். வெப்பமானியில் பிழை இல்லை, படித்தவரிடம் பிழை இல்லை. அரசாணை ஒன்று கடிகாரத்தை மாற்றியதால் ஊரே குளிர்ந்ததுபோல் ஏடு காட்டும். இந்நாட்டுப் பழைய அளவுகளை இணைத்து ஒரே தொடராக்க முனைவோர், முதலில் நேர மாற்றங்களின் பட்டியலை மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறும வெப்பத்தில் ஒரு பாகை இப்படியோ அப்படியோ போனால் என்ன என்று கேட்போரும் உளர். பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களில் 1979 முதல் 2003 வரை எடுத்த அளவுகளை ஆராய்ந்து 2004 இல் ஒரு முடிவை வெளியிட்டது. வறட்சிப் பருவத்தில் இரவின் சிறும வெப்பம் ஒரு பாகை உயரும்போது நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் சிலாங்கூரின் நெற்களஞ்சியமாக வளர்ந்தது. அங்கே இரவு வெப்பம் உண்மையிலேயே ஏறியதா, அல்லது கடிகாரமும் நிலையத்தின் இடமும் மாறியதால் ஏறியதுபோல் தோன்றுகின்றதா என்பது உழவனின் வயிற்றைத் தொடும் வினா.

அண்டை நிலையத்தைத் தேடுவதிலும் இம்மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. வடக்கே பேராக்கின் சித்தியவான், தெற்கே 1965 இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம். இவையே நெடுங்கணக்கு வைத்திருக்கும் அண்டையர். சித்தியவான் கடலோரச் சமவெளி; சுபாங்கோ நகரம் சூழ்ந்த உள்நாடு. சுபாங்கைச் சுற்றி இரப்பர் மரங்கள் நின்ற காலத்து வேறுபாட்டை எடுத்து, வீடுகளும் சாலைகளும் எழுந்த காலத்துக்குப் பொருத்தினால், நகரத்தின் வெம்மை தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். கோல சிலாங்கூரும் மாறாமல் இருக்கவில்லை. காடு இரப்பராயிற்று, இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை பல இடங்களில் குடியிருப்பாயிற்று. சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. பிற்பகலில் கடற்காற்று எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதும் இவற்றால் மாறக்கூடியதே. தொலைவிலுள்ள நிலையத்தைத் துணைக்கழைப்பதற்கும் எல்லை உண்டு. ஹான்சனும் லெபடெஃபும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், 1,200 கிலோமீட்டர் வரையுள்ள நிலையங்களின் வெப்ப ஏற்றத்தாழ்வுகளுக்கு இடையே ஓரளவு உறவு இருப்பதைக் காட்டினர். ஆனால் அந்த உறவு வெப்ப மண்டலத்தில் தளர்ந்தது என்பதையும் அவர்களே காட்டினர். ஐரோப்பாவுக்குத் தைத்த சட்டை மலாயாவுக்குப் பொருந்தாத இடங்களில் இதுவும் ஒன்று.

போர்க்காலம் உலகக் கணக்கையே குழப்பியது. கடல்நீரின் வெப்பத்தைப் பிரித்தானியக் கப்பல்கள் வாளியில் நீர் மொண்டு அளந்தன. அமெரிக்கக் கப்பல்கள் இயந்திர அறைக்குள் வரும் நீரை அளந்தன. வாளி நீர் மேலே இழுக்கும்போதே குளிரும்; இயந்திர அறை நீரோ சற்றே சூடாகும். போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்க அளவுகள் மிகுந்திருந்தன; 1945 ஆகஸ்டுக்குப் பின் பிரித்தானிய அளவுகள் பெருகின. உலகக் கடல் ஏறத்தாழ 0.3 பாகை திடீரெனக் குளிர்ந்ததாகப் பட்டியல் காட்டியது. கடல் குளிரவில்லை, வாளிகள் திரும்பி வந்தன. இதனை அறிஞர்கள் தெளிவாகச் சுட்டிக்காட்ட 2008 ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

கணக்கால் நிரப்புவதைவிட ஏட்டைக் கண்டெடுத்து நிரப்புவதே சிறந்தது. பிரித்தானியாவில் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் பழைய மழைத் தாள்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார். 16,000 பேர் 16 நாளில் 65,000 தாள்களைப் படியெடுத்தனர். 52 இலட்சம் எண்கள் மீட்கப்பட்டன. மிகப் பழையது 1677 ஆம் ஆண்டுக்குரியது. அந்நாட்டின் மிக வறண்ட ஆண்டு 1855 என்பது அதன் பின்னரே பட்டியலில் ஏறியது. வல்லுநர் செய்யாத பணியை எழுத்தறிந்த எளியோர் செய்தனர்.

வட சிலாங்கூரில் அத்தகைய பணிக்கு ஏடுகள் இருக்க வேண்டுமே! இங்கே வெற்றுக் கட்டங்களுக்கு நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அது போருக்குப் பின் வந்தது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். வேலையும் குடியிருப்பும் இழந்த தொழிலாளரின் துயரைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்த தொழிலாளர் தோட்டத்துக்கு உடைமையாளராயினர். அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுள்ளது. எழுதப்படாத ஒன்று, தோட்டம் துண்டாடப்பட்ட அன்று அலுவலகமும் மூடப்பட்டது என்பதே. அலுவலகம் இல்லையேல் மழைமானி இல்லை, கிராணி இல்லை, அலமாரியில் இருந்த முப்பது, நாற்பது ஆண்டு ஏடுகளுக்கு உரியவர் எவரும் இல்லை. பின்னாளில் செம்பனைக்காக மரங்கள் வீழ்ந்தபோதும், வீடமைப்புக்காக நிலம் கைமாறியபோதும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. கோயிலை எங்கே கொண்டு வைப்பது, பள்ளியை எங்கே மாற்றுவது, சுடுகாட்டை என்ன செய்வது என்று மக்கள் போராடினர். அப்போராட்டம் முற்றிலும் நியாயமானது. பழைய மழை ஏட்டுக்காகக் குரல் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. கறையான் தின்றது போக எஞ்சியவை குப்பையோடு எரிந்தன.

ஆயினும் யாவும் அழிந்துவிடவில்லை. பெரிய நிறுவனங்களின் பழைய கோப்புகள் சில பிழைத்தன. வடிகால் பாசனத் துறையிடம் மழைக் கணக்கு உண்டு. குடியேற்ற அரசின் ஆண்டறிக்கைகளும் அரசிதழ்களும் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலும் உள்ளன. ஓய்வு பெற்ற கிராணிமாரின் வீட்டுப் பரணில், மகன் பள்ளிக் கணக்குக்குப் பயன்படுத்திய பழைய ஏட்டின் மறுபக்கத்தில் மழை அளவு இருந்தாலும் வியப்பில்லை. அத்தகைய ஏட்டைக் காண்போர் முதலில் அதனைப் படம் எடுக்க வேண்டும். திருத்தவோ தெளிவாக்கவோ கூடாது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று முன்னட்டையில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி உள்ளே உள்ள நூறு எண்களுக்குச் சமம்.

இன்று அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிறுவனமும் கொலராடோ பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய கணிப்பு ஒன்று 1836 முதல் 2015 வரை உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் வானிலையைத் தருகின்றது. அதற்குள் செல்லும் மூல அளவு பெரும்பாலும் காற்றழுத்தமே. பழைய மருத்துவமனைகளிலும் கப்பல்களிலும் படித்த பாரமானியின் எண்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே விடையைத் தராமல் 80 விடைகளைத் தருவது அதன் சிறப்பு. அளவுகள் நிறைந்த காலத்தில் 80 விடைகளும் நெருங்கி நிற்கும். அளவுகள் அருகிய காலத்தில் ஒன்றைவிட்டொன்று விலகி நிற்கும். கோல சிலாங்கூர் அமைந்த கட்டத்துக்கு 1943 ஆம் ஆண்டிலும் விடை உண்டு. சிங்கப்பூரின் அதிகாரப் பட்டியலிலோ 1941 டிசம்பருக்கு அடுத்த எண் 1948 ஜனவரிக்குரியது.